குறிப்பும் ஐந்தொகையும்: மின்சுற்றுப் பலகையில் எதைக் காப்பது?

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன பாட்டையா பர்மாவிலிருந்து என்னென்ன கொண்டுவந்தார் என்று செட்டிநாட்டு வீடுகளில் கேட்டால் உற்சாகமாகச் சொல்வார்கள். தேக்குத் தூணைத் தட்டிக் காட்டுவார்கள். மங்குச் சாமானை இறக்கி வைப்பார்கள். அவர் அங்கிருந்து அனுப்பிய கணக்கு எங்கே என்று கேட்டால் பேச்சு சற்றுத் தயங்கும். பரணில் கிடக்கலாம், கரையான் அரித்திருக்கலாம், பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்கலாம். இத்தனைக்கும் அந்தத் தூண் நின்றதே அந்தக் கணக்கின் மேல்தான். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ நடக்கும். மேலாள் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிப் போவார். கடலுக்கு அப்பால் நடப்பது முதலாளிக்குத் தெரிய ஏட்டை விட்டால் வேறு வழி ஏது?

அந்த ஏடுகளுக்குள் ஒரு வரிசை உண்டு. அன்றன்று நடந்தது, நடந்த ஒழுங்கிலேயே குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார்கள். பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை கட்டுவார்கள். குறிப்பு கையில் இருந்தால் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம். பேரேடு இருந்தால் ஐந்தொகையை மறுபடி கட்டிவிடலாம். தலைகீழாக ஏற முடியாது. ஐந்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த நாளில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கண்டுபிடிக்க ஒருவராலும் ஆகாது.

மின்சுற்றுப் பலகை வடிவமைப்பில் எந்தக் கோப்பைக் காப்பது, எதை அழிப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று ஏடுகளே நினைவுக்கு வருகின்றன. அந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து போட்டது காரைக்குடிப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்று. கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பலகை செய்கிறார்கள். நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தால் விவசாயி எழுந்து போய்ப் பொத்தானை அமுக்க வேண்டாம். பலகையே மூன்று ஃபேஸும் இருக்கிறதா, வோல்டேஜ் போதுமா என்று பார்த்துச் சில விநாடி பொறுத்து மோட்டாரைக் கிளப்பிவிடும். பழைய பலகையை வடிவமைத்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்த பையன், கணினியில் இருந்த கோப்புறையைத் திறந்து, அதிலிருந்தே புதிய தொகுதிக்கு ஆர்டர் கொடுத்தான். பலகைகள் வந்தன, பொருத்தினார்கள், விற்றார்கள். கொஞ்ச நாளில் புகார் வரத் தொடங்கியது. சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது. மோட்டார் ஏறுவதும் இறங்குவதுமாகத் திணறுகிறது. பழைய பலகைகளில் அப்படி இல்லை. கோப்பு ஒன்றுதான். பலகை மட்டும் எப்படி வேறாகும்?

அந்தக் கோப்புறையை நானும் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கோப்புகள், நான்கு ஜிப், இரண்டுக்கு ஒரே பெயர். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். என் மேசைக் கணினியும் இப்படித்தான் இருக்கிறது.

ஒரு பலகை பிறக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்கீமாட்டிக்: எது எதோடு இணைகிறது, ஏன் இணைகிறது என்ற சுற்றுப்படம். அடுத்து லேஅவுட்: அந்த இணைப்புகளைச் செம்புத் தடங்களாக ஒரு பலகையின் பரப்பில் இழுப்பது. கடைசியில், உற்பத்தி செய்யும் ஆலைக்கு அனுப்புவதற்காக லேஅவுட்டிலிருந்து பிரித்தெடுக்கும் கெர்பர் கோப்புகள்: மேல் செம்புக்கு ஒன்று, கீழ்ச் செம்புக்கு ஒன்று, பச்சைப் பூச்சுக்கு, வெள்ளை எழுத்துக்கு, விளிம்புக்கு என்று தனித்தனியாக. கூடவே எங்கெங்கே எவ்வளவு பெரிய துளை என்று சொல்லும் ட்ரில் கோப்பு. ஸ்கீமாட்டிக் குறிப்பு, லேஅவுட் பேரேடு, கெர்பர் ஐந்தொகை. ஆலைக்காரருக்குக் கெர்பர் போதும். அதனால்தான் அதை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் பழக்கம் தொழிலில் பரவியிருக்கிறது.

கெர்பர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஹைன்ஸ் ஜோசப் கெர்பர் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். 1948-ல் கனெக்டிகட்டில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்த நிறுவனம் செய்த ஃபோட்டோபிளாட்டர் என்ற எந்திரம், ஒளிக்கற்றையால் ஃபிலிம்மேல் படம் வரையும். ஒளியின் வழியில் ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றிப் பல அளவுகளில் துளைகள். கோப்பு எந்திரத்துக்குச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: டி10 என்ற துளையைக் கொண்டுவா, இந்த இடத்துக்குப் போ, ஒளியைத் திற, அந்த இடம்வரை இழு, மூடு.

டி10 எவ்வளவு அகலம்? கோப்பில் அது இருக்காது. அது சக்கரத்தில் இருந்தது. சக்கரத்தில் எந்தத் துளை எங்கே என்பது தனியாக ஒரு தாளில் இருந்தது. ஆர்.எஸ்.-274-டி என்று சொல்லப்பட்ட அந்தப் பழைய வடிவத்தில் தடங்களின் பாதை முழுக்கக் கோப்பில் துல்லியமாக இருக்கும். தடத்தின் பருமன் மட்டும் இன்னொரு சிறு பட்டியலில் கிடக்கும். அந்தப் பட்டியலுக்கு ஒரே மாதிரியான அமைப்பும் கிடையாது. ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். பெரிய கோப்புகளை எல்லாம் பத்திரப்படுத்தி, ஒரே ஒரு பக்கப் பட்டியலைத் தொலைத்தவர்களிடம் எஞ்சியது கோடு போகும் திசை மட்டுமே. 1998-ல் வந்த விரிவாக்கப்பட்ட கெர்பர், ஆர்.எஸ்.-274-எக்ஸ், அந்தத் துளை விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்தது. பழைய வடிவம் காலாவதியானது என்று, தரத்தைப் பேணும் யுகாம்கோ நிறுவனம் முறைப்படி அறிவித்தது 2014-ல்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: தொலைந்துபோவது எப்போதும் சின்னக் கோப்பாகவே இருக்கிறது. பெரியதை யாரும் மறப்பதில்லை. ட்ரில் கோப்பிலும் இதே கூத்து உண்டு. எக்ஸெலான் என்ற துளையிடும் எந்திர நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வடிவம் அது. பழைய எக்ஸெலான் கோப்புகளில் எண்களுக்குப் புள்ளி இருக்காது. 012500 என்று இருந்தால் அது அங்குலமா மில்லிமீட்டரா, புள்ளி எங்கே விழும், முன்னால் உள்ள பூஜ்யங்களை விட்டிருக்கிறார்களா பின்னால் உள்ளதையா என்பதெல்லாம் தலைப்பு வரிகளிலோ வேறு ஏதோ ஒரு தாளிலோ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் துளைகள் எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது பலகையைத் தாண்டிப் பறக்கும். பார்த்தவுடன் தெரிகிற பிழை என்பதால் இது நல்ல பிழை. தெரியாத பிழைகள்தான் ஆளைக் கொல்லும்.

துளை என்றதும் காரைக்குடியை விட்டு நகர முடியாது. கெர்பர் தன் நிறுவனத்தைத் தொடங்கிய அதே 1948-ல், ஜூலை 25 அன்று, ஜவாஹர்லால் நேரு இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் சமயத்தில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊரில் இதைச் சிக்ரி என்றால்தான் தெரியும். முலாம் பூசுவதும் அரிப்பைத் தடுப்பதும் மின்கலமும் இந்த ஆய்வகத்தின் மரபான வேலைகள். அதே துறையின் கைங்கரியம் இல்லாமல் இருபக்கப் பலகை என்று ஒன்று கிடையாது. மேல் செம்பையும் கீழ்ச் செம்பையும் இணைப்பது துளைச் சுவரில் படியும் செம்பு. துளையிட்டதும் உள்ளே தெரிவது மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையும் எபாக்சியும். முதலில் மின்சாரமின்றி வேதிவினையாலேயே மெல்லிய செம்புப் படலம் படிய வைக்கிறார்கள். அதன் மேல் மின்முலாம் பூசி 20, 25 மைக்ரான் அளவுக்குத் தடிக்க வைக்கிறார்கள்.

இப்போது காப்பகக் கேள்விக்கு வருவோம். ட்ரில் கோப்பில் 1 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. அது துளைக்கும் அலகின் அளவா, முலாம் பூசி முடித்த பிறகு மிஞ்சும் அளவா? முடித்த அளவு என்பதுதான் வழக்கம்; ஆலைக்காரர் அதற்கேற்பச் சற்றுப் பெரிய அலகு போட்டுக்கொள்வார். வழக்கம் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. எந்தத் துளைக்கு முலாம் வேண்டும், திருகு போகும் எந்தத் துளைக்கு வேண்டாம் என்பதும் சில கோப்புகளில் தனியாகப் பிரிந்திருக்கும், சிலவற்றில் கலந்திருக்கும். பலகையின் தடிமன் 1.6 மில்லிமீட்டரா, செம்பு 35 மைக்ரானா 70 மைக்ரானா, மேற்பூச்சு ஈயமா தங்கமா—பழைய கெர்பர் எதிலும் இவை இல்லை. ஆர்டர் கொடுக்கும்போது இணையப் படிவத்தில் ஒரு பட்டனைத் தட்டித் தேர்ந்தெடுத்தது; தேர்ந்தெடுத்ததோடு மறந்தது. மோட்டார் பலகையில் ரிலேத் தடம் 70 மைக்ரான் செம்பை நம்பி வரையப்பட்டிருந்து, அடுத்த முறை வழக்கமான 35-ல் செய்து வாங்கினால், படம் ஒரு புள்ளி பிசகாமல் அதே படம்; தடம் மட்டும் சுடும்.

ஆகவே உற்பத்திக் குறிப்பு என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது, கெர்பரைக் காப்பதைவிட முக்கியம் என்பேன். அடுக்கு வரிசை, தடிமன், செம்பு, பூச்சு, துளை அளவு எதைக் குறிக்கிறது. பத்து வரி. வேர்டு கோப்பாகக்கூட வேண்டாம், வெறும் உரைக் கோப்பு போதும்.

சரி, குறிப்பேட்டுக்கு, அதாவது மூலக் கோப்புகளுக்கு வருவோம். கெர்பர் போதாது என்பது பட்டறைப் பேச்சு மட்டுமல்ல, எழுதப்பட்ட விதியாகவும் இருக்கிறது. திறந்த வன்பொருளுக்கான பொது வரையறை, மாற்றம் செய்ய வசதியான மூல வடிவத்தில்தான் கோப்புகளைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அச்சுக்குத் தயாரான செம்புப் படத்தை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் 2011-ல் தொடங்கி 2020-ல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட வன்பொருள் உரிமம், ‘முழு மூலம்’ என்பதற்கே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: பொருளை மறுபடி செய்யவும் மாற்றவும் தேவையான அனைத்தும். சட்ட வாசகம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், எதைக் காப்பது என்ற கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான விடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ‘மாற்றவும்’ என்ற சொல்லின் விலை 2020-க்குப் பிந்தைய சிப் தட்டுப்பாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நேற்றுவரை கடையில் கிடைத்த மைக்ரோகன்ட்ரோலருக்கு ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். வேறு சிப்பைப் போட வேண்டும் என்றால் தடத்தை மாற்ற வேண்டும். தடத்தை மாற்ற லேஅவுட் வேண்டும். கெர்பரை மட்டும் வைத்திருந்தவர்கள் படத்தைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். ஸ்கீமாட்டிக் வைத்திருந்தவர்கள் சில நாட்களில் வேலையை முடித்தார்கள்.

மூலக் கோப்பைக் காத்தால் போதுமா என்றால், அதைத் திறக்கும் மென்பொருளும் உயிரோடு இருக்க வேண்டும். ஈகிள் என்ற மென்பொருளில் கற்றுக்கொண்ட பொறியியல் மாணவர்கள் நம் ஊர்க் கல்லூரிகளில் ஏராளம்; சின்னப் பலகைகளுக்கு இலவசப் பதிப்பு இருந்தது. 1988-ல் ஜெர்மனியில் பிறந்தது அது. 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-க்குப் பிறகு ஈகிள் கிடையாது என்று 2023-ல் அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆறாம் பதிப்பிலிருந்து ஈகிள் தன் கோப்புகளை எக்ஸ்.எம்.எல். உரையாக எழுதியது ஒரு புண்ணியம். வேறு மென்பொருள்கள் அதைப் படிக்கின்றன. ஐந்தாம் பதிப்புவரை எழுதிய இரும எண் கோப்பு உங்கள் பழைய குறுந்தகட்டில் இருந்தால், அதைப் புதிய ஈகிளில் ஒருமுறை திறந்து சேமித்துவைப்பது நல்லது.

கிகேட் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-ல் பிரான்ஸில் ஷான்-பியர் ஷாராஸ் தொடங்கி, 2013 முதல் செர்ன் கைகொடுத்து வளர்ந்த இலவச மென்பொருள். கோப்பெல்லாம் உரைதான், நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாம் பதிப்புவரை ஸ்கீமாட்டிக் கோப்புக்குள் உறுப்புகளின் குறியீட்டுப் படங்கள் இருக்காது. அவை பொதுநூலகத்தில் இருக்கும், அவற்றின் நகல் ‘கேஷ்’ என்ற சொல் ஒட்டிய ஒரு கோப்பில் இருக்கும். கணினி தெரிந்த எவரும் கேஷ் என்று பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்பார். அழித்தவர்கள் பின்னாளில் படத்தைத் திறந்தபோது, உறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியிட்ட வெற்றுப் பெட்டிகள். 2021 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து குறியீடுகள் ஸ்கீமாட்டிக்குக்குள்ளேயே வந்துவிட்டன. அதே கிகேட்டில் கேஷ் என்று பெயரிட்டும் நிஜமாகவே குப்பையான கோப்பும் உண்டு: ஃபுட்பிரிண்ட் (உறுப்பு பலகையில் உட்காரும் செம்பு வடிவம்) பட்டியலின் தற்காலிக நகல். பெயரைப் பார்த்துக் காப்பகம் அமைக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அழிக்கக்கூடியவை இருக்கின்றன, வேண்டிய மட்டும். தானியங்கிச் சேமிப்புகள், காப்பு நகல்களின் கோப்புறை, எந்தச் சன்னல் எங்கே திறந்திருந்தது என்று மென்பொருள் தனக்காக எழுதிக்கொண்டது, பாதியில் விட்ட ஆட்டோரூட்டர் முயற்சிகள். இவற்றை யோசிக்காமல் எறியலாம். முப்பரிமாணப் படங்கள்? உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காப்பது வீண். முழுப் பலகைக்கும் ஒரே ஒரு ஸ்டெப் கோப்பு போதும், பெட்டி செய்பவருக்கு உதவும். டேட்டாஷீட்டை மட்டும் எறிய வேண்டாம். இணையத்தில்தான் இருக்கிறதே என்பார்கள். பெரிய நிறுவனங்களின் சிப்புக்கு அது சரி. நம் பலகையில் இருக்கும் சுகர் கியூப் ரிலே யாருடையது, அதன் காயிலுக்கு எத்தனை ஓம் என்பதை ஐந்து ஆண்டு கழித்து இணையத்தில் தேடிப் பாருங்கள்.

பி.ஓ.எம். என்கிற உறுப்புப் பட்டியலிலும் இதே நோய்தான். ‘ரிலே 12 வோல்ட்’ என்று எழுதினால் அது கடைக்குப் போய்க் கேட்கத்தான் உதவும், காப்பகத்துக்கு உதவாது. தயாரிப்பாளர் பெயரும் அவர் கொடுத்த முழு எண்ணும் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஏற்றும் நிரலுக்கு ஹெக்ஸ் கோப்பு மட்டும் போதாது, மூல நிரலும் எந்தப் பதிப்புக் கம்பைலரில் கட்டினோம் என்பதும் வேண்டும். ஏ.வி.ஆர். வகைச் சிப் என்றால் ஃபியூஸ் பிட் என்று சில எண்கள் உண்டு. கடிகாரம் உள்ளிருந்து வருகிறதா வெளிப் படிகத்திலிருந்தா, வோல்டேஜ் எவ்வளவு இறங்கினால் சிப் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. பொதுவாக அவை மூல நிரலிலும் எழுதப்படுவதில்லை, ஹெக்ஸிலும் ஏறுவதில்லை. நிரல் ஏற்றும் பையனுடைய நோட்டின் பின்னட்டையில் பேனாவால் எழுதியிருக்கும். மூன்றே எண்கள். தொலைந்தால் அதே நிரல், அதே சிப், எட்டு மடங்கு மெதுவாக ஓடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபடி உண்டாக்கக்கூடியதுதானே என்று கெர்பரை எறிந்துவிடலாமா? இங்கேதான் ஐந்தொகை திரும்பி வருகிறது. கணக்குத் தீர்க்கும் நாளில் முதலாளியும் மேலாளும் சேர்ந்து ஒப்புக்கொண்டது ஐந்தொகையை. குறிப்பிலிருந்து நாளைக்கு நூறு முறை மறுபடி கட்டலாம். ஆனால் அன்றைக்குக் காட்டியது எது என்பதற்கு அன்றைக்குக் கட்டியதுதான் சாட்சி. கெர்பரும் அப்படித்தான். ஆலைக்கு நாம் அனுப்பியது அது. மூலத்தை இன்று திறந்து புதிய பதிப்பு மென்பொருளில் கெர்பர் எடுத்தால், செம்பு நிரப்பும் கணக்கு சற்று மாறியிருக்கலாம். தடத்துக்கும் நிரப்புக்கும் இடையே இடைவெளி ஒரு மயிரிழை நகர்ந்திருக்கலாம். வயலில் பத்து ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் பலகை எந்தக் கெர்பரிலிருந்து பிறந்தது என்ற கேள்விக்கு, புதிதாக எடுத்தது விடையாகாது. அனுப்பிய ஜிப்பைத் திறக்காமல், பெயர் மாற்றாமல், அப்படியே வைக்க வேண்டும். கூடவே அதன் ஹாஷ் எண்ணையும் குறித்துவிட்டால், பின்னால் யாராவது உள்ளே கைவைத்திருந்தால் தெரிந்துவிடும்.

ஸ்கீமாட்டிக்கைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வைப்பதையும் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். மாற்றவும் முடியாது, ஆலைக்கு அனுப்பவும் முடியாது, செத்த படம் என்று. என்னிடம் ஒரே ஒரு கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தச் செத்த படத்தைத்தான் எடுப்பேன், மதிப்புகள் எல்லாம் தெரியும்படி அச்சிட்டதாக இருந்தால். எந்த மென்பொருளும் இல்லாமல் இன்னொரு மனிதர் அதைப் படிப்பார். ஆட்டோ ஸ்டார்ட்டர் அளவுப் பலகையை அதிலிருந்து ஒரு வாரத்தில் மறுபடி வரைந்துவிடலாம். எட்டு அடுக்குப் பலகைக்கு இந்தத் தைரியம் எனக்கு வராது.

காப்பகம் முழுமையா என்று சோதிக்க எனக்குத் தெரிந்து நேர்மையான வழி ஒன்றே. அந்தப் பலகையைப் பார்த்தே இராத ஒருவரிடம், இணையம் இல்லாத ஒரு கணினியில், ஜிப்பைக் கொடுத்து, புதிதாகக் கெர்பர் எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததைப் பழைய கெர்பரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் எழுந்து வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் காப்பகத்தில் விடுபட்ட ஒரு கோப்பு. பட்டறையில் இதைச் செய்தோம். நூலகம் காணோம், எழுத்துரு காணோம் என்று கேள்விகள் வந்தன, அவற்றைச் சேர்த்தோம். மேல் செம்பும் கீழ்ச் செம்பும் பழையதோடு அச்சுப்போல் பொருந்தின. ரிலே மட்டும் சாயங்காலமானால் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம் சேர்த்தார் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம், கடிதம் என்று, பிறர் படித்ததும் கசக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது; வாங்கியதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். ஒரு பெரிய புத்தகத்துக்கு வேறு ஊரிலும் பிரதி கிடைத்துவிடும். ஒரு நாடக நோட்டீஸுக்குப் பெரும்பாலும் அதுவே கடைசிப் பிரதி.

பலகைத் தொழிலில் நோட்டீஸ் எது? ஆலைக்காரர் கேட்ட சந்தேகங்களும் நாம் எழுதிய பதில்களும்தான். “இந்த இரண்டு துளையும் நெருக்கமாக இருக்கிறது, ஒன்றாக்கவா?” என்று மின்னஞ்சல் வரும். “சரி” என்று ஒரு வார்த்தையில் பதில் போகும். அந்த ஒரு வார்த்தையால் பலகை மாறிவிட்டது. நம் கோப்பு மாறவில்லை. கடையில் இருப்பில்லாத டயோடுக்குப் பதில் வேறு டயோடு போட்டது, ஒரு தடத்தைக் கத்தியால் அறுத்துக் கம்பியால் ஒட்டுப் போட்டது, இவையெல்லாம் வாட்ஸப்பிலும் வாய்ச்சொல்லிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. வடிவமைத்தது வேறு, செய்தது வேறு. காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் முன்னதுதான். இந்த மின்னஞ்சல்களை எல்லாம் ஒரே பி.டி.எஃப். ஆக்கிக் கெர்பருக்குப் பக்கத்தில் போடுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். நானும் பல வருடம் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்ததில்லை.

பட்டறையில் கடைசியாகச் செய்த காரியத்தை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பழுதுக்கு வந்திருந்த ஒரு பழைய பலகையையும் புதிய பலகையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உறுப்பு உறுப்பாக விரலை நகர்த்திப் பார்த்தோம். ஆர்14-ல் விரல் நின்றது. வோல்டேஜை ஒப்பிடும் சிப்பின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிவரும் ரெசிஸ்டர் அது. எல்லைக்கோட்டில் வோல்டேஜ் ஊசலாடும்போது முடிவை உடனுக்குடன் மாற்றாமல் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்க வைப்பது அதன் வேலை. மதிப்பு குறைந்தால் பிடிவாதம் கூடும். ஸ்கீமாட்டிக்கில் 1 மெக். பி.ஓ.எம்.மில் 1 மெக். புதிய பலகையில் பழுப்பு, கறுப்பு, பச்சை: 1 மெக். பழைய பலகையில் மஞ்சள், ஊதா, மஞ்சள்: 470 கே.

சால்டரிங் மேசையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். “அத நாந்தேன் மாத்துனேன் தம்பி. பழைய இஞ்சினியர் தம்பி போன்ல சொன்னாக. இனிமே எல்லாத்துலயும் இதான் போடணும்னாக. இப்ப வந்த பலகையில வேற இருந்துச்சு, புதுசுன்னு நெனச்சேன்.”

எப்போது சொன்னார் என்று கேட்டோம். யோசித்தார். இப்போது அந்தக் கோப்புறையில் ‘மாற்றங்கள்’ என்று ஓர் உரைக் கோப்பு இருக்கிறது. அதில் இதுவரை ஒரே ஒரு வரி: ஆர்14, 1 மெக்குக்குப் பதில் 470 கே, லோ வோல்டேஜில் ரிலே அடிப்பதால். தேதி எழுத வேண்டிய இடத்தில், அவர் சொன்னபடியே, ‘நாற்று விட்ட சமயம்’ என்று இருக்கிறது.